மூன்று கரண்டிச் சாறு – ஜேம்ஸ் லங்காஸ்டர்

நுழையும்முன்

கடலோடும் கப்பலில் நாள்தோறும் ஒரு குறிப்பு எழுதப்படுவது வழக்கம். காற்று எத்திசையில் வீசிற்று, கப்பல் எவ்வளவு தொலைவு சென்றது, எவர் நோயுற்றார், எவர் இறந்தார் என்பனவெல்லாம் அதில் இடம்பெறும். ஆங்கிலேய வணிகர் ஆசியாவை நோக்கி மேற்கொண்ட முதற்பயணங்களைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி இத்தகைய குறிப்புகளிலிருந்து கிடைத்ததே. அவற்றுள் ஒன்று, ஒரு கப்பல் தலைவர் தம் மாலுமிகளுக்குக் காலைதோறும் எலுமிச்சைச் சாறு கொடுத்த செய்தியைக் கூறுகிறது. சிறு செய்திதான், ஆயினும் அதனுள் பல உயிர்களின் கதை அடங்கியிருக்கிறது. அத்தலைவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கடற்பயிற்சியும்

இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள பேசிங்ஸ்டோக் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 1554ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லங்காஸ்டர் பிறந்தார். இளமையில் அவர் போர்த்துக்கீசியரிடையே வாழ்ந்து, போர்வீரராகவும் வணிகராகவும் பணியாற்றினார். அவர்களுடைய மொழியையும் நன்கு கற்றார். அக்காலத்தில் இந்தியாவுக்கும் மலாக்காவுக்கும் செல்லும் கடல்வழி போர்த்துக்கீசியரின் கையிலேயே இருந்தது. மிளகும் கிராம்பும் சாதிக்காயும் அவர்கள் வழியாகவும் ஐரோப்பாவை அடைந்தன.

1588இல் ஸ்பெயின் நாட்டின் பெருங்கடற்படை இங்கிலாந்தின்மீது படையெடுத்து வந்தபோது, எட்வர்ட் பொனவென்ச்சர் என்னும் வணிகக் கப்பலுக்குத் தலைமையேற்று லங்காஸ்டர் போரிட்டார். மூன்றாண்டுகளுக்குப் பின் அதே கப்பல்தான் அவரை ஆசியாவுக்கு ஏற்றிச் சென்றது.

துயரம் நிறைந்த முதற்பயணம்

1591 ஏப்ரல் மாதத்தில் பிளிமத் துறைமுகத்திலிருந்து மூன்று கப்பல்கள் புறப்பட்டன. பெனலபி, மெர்ச்சன்ட் ராயல், எட்வர்ட் பொனவென்ச்சர் என்பன அவற்றின் பெயர்கள். வாரக்கணக்கில் உப்பிட்ட இறைச்சியையும் உலர்ந்த ரொட்டியையும் மட்டுமே உண்ட மாலுமிகளை ஸ்கர்வி என்னும் நோய் பற்றியது. ஈறுகள் வீங்கிக் குருதி கசிந்தது, பற்கள் ஆடின, கால்கள் கறுத்தன, பழைய புண்கள் மீண்டும் திறந்தன. அந்நோய்க்கு ஆளானோர் கயிற்றை இழுக்கவும் வலிமையின்றிக் கிடந்தனர்.

ஆப்பிரிக்காவின் தென்கோடியை அடைந்தபோது, மூன்று கப்பல்களையும் செலுத்தப் போதிய ஆட்கள் இல்லை. ஆகவே, நோயுற்றோர் ஐம்பதின்மரை மெர்ச்சன்ட் ராயலில் ஏற்றித் தாயகம் அனுப்பினர். பெனலபியில் 101 பேரும், எட்வர்டில் 97 பேரும் எஞ்சினர். சில நாள்களில் பெரும்புயல் ஒன்று எழுந்தது. பெனலபி கண்ணிலிருந்து மறைந்தது. அதன்பின் அக்கப்பலைக் கண்டவர் எவருமில்லை.

லங்காஸ்டரின் கப்பல் தனியே சென்றது. கொமொரோத் தீவில் குடிநீர் எடுக்கச் சென்ற மாலுமிகள் பலர் அங்குள்ளோரால் கொல்லப்பட்டனர். சான்சிபாரில் சில மாதங்கள் தங்கியபின், 1592 மே மாதத்தில் அக்கப்பல் நம் குமரி முனையைச் சுற்றிக் கடந்து சுமத்திராவை நோக்கிச் சென்றது. பினாங்குத் தீவில் தங்கியிருந்த காலத்தில் மேலும் பலர் மாண்டனர். இறுதியில் எஞ்சியோர் முப்பத்து மூவரும் ஒரு சிறுவனுமே. அவருள்ளும் உழைக்கும் வலிமை பெற்றிருந்தோர் இருபத்திருவரே.

திரும்பும் வழியிலும் இடர் நீங்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றில் லங்காஸ்டரும் தோழர் பலரும் உணவு தேடிக் கரையிறங்கியிருந்தபோது, கப்பலில் இருந்த தச்சர் நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டார். கப்பல் அவர்களை விட்டு அகன்றது. பின்னர் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றின் உதவியால் 1594 மே மாதத்தில் லங்காஸ்டர் தாயகம் சேர்ந்தார். அவருடன் சென்ற எட்மண்ட் பார்க்கர் இப்பயண வரலாற்றைக் கூறினார். ரிச்சர்ட் ஹக்லூயிட் என்னும் அறிஞர் அதனைத் தம் பயணத் தொகுப்பு நூலில் சேர்த்து அச்சிட்டார்.

வணிக நோக்கில் இப்பயணம் தோல்வியே. ஆயினும் புயலும் பகைவரும் மட்டுமன்றி, உணவுக் குறையும் கப்பலை அழிக்கும் என்பதை லங்காஸ்டர் தம் கண்ணாலேயே கண்டிருந்தார்.

நிறுவனத்தின் முதற்கப்பல்கள்

1600 திசம்பர் 31ஆம் நாள், கிழக்கு நாடுகளோடு வாணிகம் செய்ய லண்டன் வணிகர் குழுவொன்றுக்கு எலிசபெத் அரசியார் உரிமைப் பட்டயம் வழங்கினார். அக்குழுவே கிழக்கிந்திய நிறுவனம். அதன் முதற்பயணத்துக்குத் தலைவராக லங்காஸ்டர் அமர்த்தப்பட்டார்.

ரெட் டிராகன், ஹெக்டர், அசென்ஷன், சூசன் என்னும் நான்கு கப்பல்களும், உணவுப்பொருள் ஏற்றிய துணைக்கப்பல் ஒன்றும் 1601இல் புறப்பட்டன. ஏறத்தாழ 480 பேர் அவற்றில் சென்றனர். ரெட் டிராகன் 600 டன் கொள்ளளவுடைய பெருங்கப்பல். லங்காஸ்டர் அதில் இருந்தார்.

அக்காலக் கப்பலில் நாட்குறிப்பு எழுதுவது எளிய பணியன்று. முடிச்சுகள் இட்ட கயிற்றில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் எறிவர். மணற்கடிகை காட்டும் சிறுபொழுதில் எத்தனை முடிச்சுகள் ஓடின என எண்ணிக் கப்பலின் விரைவை அறிவர். திசைகாட்டியால் திசையையும், நண்பகற் கதிரவனின் உயரத்தால் வடக்குத் தெற்கு நிலையையும் கணிப்பர். கிழக்கு மேற்கு நிலையைத் துல்லியமாக அறியும் வழி அன்று இல்லை. எனவே, முன்சென்றோர் எழுதிய குறிப்பே பின்வருவோர்க்கு வழிகாட்டியாயிற்று.

மூன்று கரண்டிச் சாறு

இம்முறையும் கடலின் நடுவே ஸ்கர்வி தோன்றியது. நான்கு கப்பல்களிலும் ஆட்கள் வீழ்ந்தனர். ஆனால் ரெட் டிராகனில் மட்டும் நிலைமை வேறாக இருந்தது. லங்காஸ்டர் எலுமிச்சைச் சாறு நிரம்பிய புட்டிகளை உடன் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொருவருக்கும் காலைதோறும் வெறும் வயிற்றில் மூன்று கரண்டிச் சாறு அளித்தார். நண்பகல் வரை வேறெதுவும் உண்ணலாகாது என விதித்தார்.

1601 செப்டம்பரில் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையருகே உள்ள விரிகுடாவை அடைந்தன. மற்ற மூன்று கப்பல்களிலும் மாலுமிகள் பெரிதும் தளர்ந்திருந்தமையால், வணிகர்களே முறைவைத்துச் சுக்கானைப் பிடித்தனர். அவர்களே ஏணியேறிப் பாய்களைச் சுருட்டினர். நங்கூரம் இறக்கவும் அவர்களால் இயலவில்லை. ரெட் டிராகனின் ஆட்கள் படகுகளில் சென்று அவர்களுக்கு உதவினர். அதுவரை நான்கு கப்பல்களிலும் இறந்தோர் தொகை 105.

கரையில் வாழ்ந்த கோய்கோய் மக்களிடம் ஆடுமாடுகளை வாங்க லங்காஸ்டர் விரும்பினார். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. அவர் மாட்டைப்போலவும் ஆட்டைப்போலவும் குரல் எழுப்பிக் காட்டினார், அவர்களும் புரிந்துகொண்டனர். பழைய இரும்புத் துண்டுகளுக்கு ஈடாக மாடுகளும் ஆடுகளும் கிடைத்தன. ஏழு வாரம் தங்கி, நல்லுணவு உண்டு, மாலுமிகள் நலம் பெற்றனர்.

மிளகும் சோழமண்டலத் துணியும்

1602 சூன் மாதத்தில் கப்பல்கள் சுமத்திராவின் அச்சே நகரை அடைந்தன. அச்சே மன்னர் யானைகளை அனுப்பி லங்காஸ்டரை வரவேற்றார். அரசியாரின் மடலைப் பெற்றுக்கொண்டு, சுங்கவரியின்றி வாணிகம் செய்ய உரிமையும் அளித்தார். ஆயினும் அவ்வாண்டு அங்கே மிளகு போதிய அளவு கிடைக்கவில்லை.

பின்னர் மலாக்கா நீரிணையில் போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றை லங்காஸ்டர் தாக்கிக் கைப்பற்றினார். அது நம் சோழமண்டலக் கரையிலுள்ள சாந்தோமிலிருந்து வந்த கப்பல். அதில் பருத்தித் துணிப் பொதிகளும், வண்ணந்தீட்டிய துணிகளும் நிறைந்திருந்தன. பிறர் பொருளைப் பறித்த இச்செயலை வீரமென்று மட்டும் கருதுதல் முறையன்று. வாணிகமும் கொள்ளையும் அக்காலக் கடலில் அருகருகே இருந்தன என்பதை இது காட்டுகிறது.

சாவகத் தீவின் பான்டம் துறைமுகத்தில் மிளகு வாங்கப்பட்டது. அங்கே ஒரு பண்டகசாலையும் நிறுவப்பட்டது. வெப்பம் மிக்க அத்தீவுகளில் இங்கிலாந்தின் கம்பளித் துணியை விரும்புவோர் அரியர். தமிழகத்து நெசவாளர் நெய்த பருத்தித் துணிக்கோ பெருமதிப்பு இருந்தது. மிளகு வேண்டுமாயின் முதலில் இத்துணி வேண்டும் என்னும் உண்மையை ஆங்கிலேயர் உணர்ந்தனர். அத்துணியைத் தேடியே அவர்கள் சோழமண்டலக் கரைக்கு வந்தனர். 1639இல் சென்னையில் இடம் பெற்றனர். வணிகராய் வந்தோர் நாளடைவில் ஆள்வோராயினர் என்பதை நாம் அறிவோம்.

சுக்கான் இழந்த கப்பல்

1603இல் ரெட் டிராகனும் ஹெக்டரும் தாயகம் நோக்கிப் புறப்பட்டன. நன்னம்பிக்கை முனைக்கு அருகே கடும்புயல் வீசியது. ரெட் டிராகனின் சுக்கான் உடைந்து கடலில் வீழ்ந்தது. கப்பல் காற்றின் போக்கில் அலைந்தது. ஹெக்டருக்கு மாறிவிடலாம் என்று மாலுமிகள் வேண்டினர். லங்காஸ்டர் அதற்கு இசையவில்லை. நிறுவனத்தார்க்கு ஒரு மடல் எழுதினார். கப்பலையும் சரக்கையும் காக்கத் தம் உயிரையும் உடனிருப்போர் உயிரையும் பணயம் வைத்து முயல்வதாகவும், காற்றும் கடலும் கொண்டுசெல்லும் வழியே தாம் செல்வதாகவும் அதில் தெரிவித்தார். அம்மடலை ஹெக்டரின் தலைவரிடம் அனுப்பி, தம்மை விட்டு உடனே தாயகம் செல்லுமாறு கட்டளையிட்டார்.

பொழுது புலர்ந்தபோது, ஹெக்டர் சற்றுத் தொலைவில் நின்றுகொண்டிருந்தது. அதன் தலைவர் கட்டளையை மீறிவிட்டார்! இவர்கள் ஆணைக்கு அடங்காதவர்கள் என லங்காஸ்டர் கடிந்துகொண்டார். ஆனால் அந்த மீறலே அவர்களைக் காத்தது. தச்சர்கள் பின்பாய்மரத்தைக் கொண்டு புதிய சுக்கான் செய்தனர். அதனைப் பொருத்துவதற்கு ஹெக்டரின் நீச்சல் வல்லோர் துணைநின்றனர். இரு கப்பல்களும் செயின்ட் எலனாத் தீவில் இளைப்பாறி, 1603 செப்டம்பரில் இங்கிலாந்தை அடைந்தன.

நான்கு கப்பல்களும் கொண்டுவந்த மிளகு பத்து இலட்சம் பவுண்டு எடைக்கும் மேல். ஆனால் மடல் தந்து அனுப்பிய அரசியார் அவ்வாண்டு மார்ச்சிலேயே காலமாகியிருந்தார். லண்டனில் கொள்ளைநோய் பரவியிருந்தது. புதிய மன்னர் முதலாம் ஜேம்ஸ், லங்காஸ்டருக்கு வீரர்பட்டம் வழங்கிச் சிறப்பித்தார்.

எழுதியும் மறந்த பாடம்

லங்காஸ்டர் பின்னர் நிறுவனத்தின் இயக்குநருள் ஒருவராகப் பணியாற்றினார். 1616இல் வடகடலில் தாம் கண்ட நீர்வழிக்கு மாலுமி வில்லியம் பாஃபின் அவர் பெயரைச் சூட்டினார். 1618இல் லங்காஸ்டர் மறைந்தார். தம் ஊரின் பள்ளிக்கும் வறியோர்க்கும் அவர் பொருள் விட்டுச்சென்றார்.

அவருடைய எலுமிச்சைச் சாற்றுச் செய்தி 1625இல் அச்சேறியது. அதற்கு முன்பே, 1617இல், நிறுவனத்தின் மருத்துவர் ஜான் உடால் அச்சாற்றைத் தம் நூலில் பரிந்துரைத்திருந்தார். எனினும் நாளடைவில் அவ்வழக்கம் தளர்ந்தது. கெட்ட காற்றும் ஈரமும் சோம்பலுமே நோய்க்குக் காரணம் என மருத்துவர் பலர் நம்பினர். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் மருத்துவர் நோயாளர் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு மருந்துகள் கொடுத்து ஒப்பிட்டார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். அதன்பின்னும் 1795இல்தான் ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது. அதிலுள்ள உயிர்ச்சத்து சி இருபதாம் நூற்றாண்டில் கண்டறியப்பட்டது.

லங்காஸ்டரின் பயணத்துக்கும் கடற்படையின் ஆணைக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். அக்காலத்தில் ஆயிரக்கணக்கான மாலுமிகள் ஸ்கர்வியால் மடிந்தனர். விடை ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. அதனை எடுத்துப் படித்துச் சோதித்துப் பார்ப்போர்தாம் இல்லை. எழுதிவைப்பது அறிவின் பாதி. எழுதியதைப் பயன்கொள்வது மறுபாதி.

நிறுவனத்தின் கப்பல் நாட்குறிப்புகள் ஆயிரக்கணக்கில் இன்று லண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் காக்கப்படுகின்றன. பழங்காலக் காற்றையும் மழையையும் அறிய விரும்பும் அறிவியலார் அவற்றைப் புரட்டிப் பார்க்கின்றனர். என்றோ ஒரு மாலுமி எழுதிய ஒருவரி இன்றும் பயன்தருகிறது.

சொல்லும் பொருளும்

சுக்கான் – கப்பலைத் திருப்பும் கருவி
பட்டயம் – அரசு வழங்கும் உரிமை ஆவணம்
மணற்கடிகை – மணல் வழிந்து பொழுதைக் காட்டும் கருவி
பண்டகசாலை – வணிகப் பொருள்களைச் சேர்த்துவைக்கும் இடம்
சாவகம் – ஜாவாத் தீவு
இசைதல் – உடன்படுதல்

பயிற்சிகள்

1. ஸ்கர்வி நோயின் அறிகுறிகள் யாவை?
2. ரெட் டிராகன் மாலுமிகள் பிற கப்பல்களுக்கு உதவ முடிந்தது எதனால்?
3. மிளகு வாணிகத்துக்குத் தமிழகத்துப் பருத்தித் துணி ஏன் தேவைப்பட்டது?
4. ஹெக்டரின் தலைவர் கட்டளையை மீறியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
5. ஒரு வாரம் நாட்குறிப்பு எழுதுக. நாள், வானிலை, உண்ட உணவு, புதிதாக அறிந்த ஒரு செய்தி ஆகியன அதில் இடம்பெறட்டும். உம் வீட்டுப் பெரியோரிடம் அதனைத் தமிழில் படித்துக் காட்டுக.