ஒரே பைக்... 47 வருஷம்!

யூடியூப்ல பழைய மஸ்டாங், கமேரோ கார்களை வீட்டு ஷெட்டிலேயே பிரிச்சுப் போட்டு, புதுசாக்கி ஓட்டிக் காட்டுற வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. துருப்பிடிச்ச பாடி, அதுக்குள்ள இறங்குற புது எஞ்சின், பெரிய பிரேக், கடைசியில டயர் புகைய ஒரு ரவுண்டு. பார்க்க செம்மையா இருக்கும். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அதுல பாதி பாகங்கள் அட்டைப்பெட்டியில பார்சலா வந்து இறங்கும்.

நாம இப்போ பார்க்கப்போறவருக்கு அந்த வசதி சுத்தமா கிடையாது. ஒரு பழைய வண்டியை ஷெட்டுல வச்சே மாத்தி மாத்தி, உலக சாதனை வரைக்கும் கொண்டுபோன மனுஷன் அவர். பேரு பர்ட் மன்றோ. 2005-ல் ஆன்டனி ஹாப்கின்ஸ் நடிச்சு வந்த 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்' படம் இவரோட கதைதான். தலைப்பைப் பார்த்துட்டு நம்ம ஊர்க்காரர்னு நினைச்சுடாதீங்க. 'இந்தியன்' என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் தயாரான பைக்கோட பேரு. மனுஷன் நியூசிலாந்துக்காரர்.

1899 மார்ச் 25-ல், நியூசிலாந்தின் தென்கோடி நகரமான இன்வர்கார்கில்லில் பிறந்தார். வளர்ந்தது பண்ணை வீட்டில். எஞ்சினியரிங் டிகிரி எல்லாம் கிடையாது. 1920-ல், 21 வயசுல, ஒரு இந்தியன் ஸ்கவுட் வாங்கினார். 600 சிசி, வி-ட்வின் எஞ்சின். கம்பெனியில இருந்து வந்தப்போ அதோட உச்ச வேகம் மணிக்குச் சுமார் 89 கிலோமீட்டர். இன்னைக்கு நம்ம காலேஜ் பார்க்கிங்ல நிக்கிற சாதாரண 125 சிசி பைக்கே அதைத் தொட்டுடும்.

1926-ல் அந்த வண்டியில கை வைக்க ஆரம்பிச்சார். அதுக்கப்புறம் கையை எடுக்கவே இல்லை.

பகல்ல மோட்டார் சைக்கிள் விற்பனை வேலை. ராத்திரி ஷெட்டுல சொந்த வேலை. காசு அதிகம் கிடையாது, அதனால பாகங்களைத் தானே செஞ்சார். பிஸ்டன், சிலிண்டர் பேரல், ஃப்ளைவீல் எல்லாமே. வார்ப்புக்கு மோல்டு? பழைய தகர டப்பா. மைக்ரோமீட்டர்? ஒரு பழைய சக்கர ஸ்போக். மெட்ராலஜி லேப்ல வெர்னியர் சரியில்லைன்னு நாம புலம்புவோமே, அதை இங்க கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

அவர் செஞ்ச பெரிய மாற்றம் வால்வுல. ஸ்கவுட் எஞ்சின் சைடு-வால்வு வகை. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கும், அதனால உள்ளே வர்ற பெட்ரோல்-காற்றுக் கலவை வளைஞ்சு நெளிஞ்சுதான் போகணும். கம்ப்ரஷன் ரேஷியோவையும் ஓரளவுக்கு மேல ஏத்த முடியாது. மன்றோ அதை ஓவர்ஹெட் வால்வா மாத்தினார். சிலிண்டர் கொள்ளளவையும் படிப்படியா ஏத்தி, 600 சிசியை 950 சிசி வரைக்கும் கொண்டுவந்தார்.

பவர் ஏறினா பாகங்கள் சும்மா இருக்குமா? ஆர்பிஎம் இரண்டு மடங்கானா, கனெக்டிங் ராடு தாங்க வேண்டிய இனர்ஷியா ஃபோர்ஸ் நாலு மடங்காகும். டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரியில நாம கணக்காப் போட்டது, அவர் ஷெட்டுல வெடிச்சுக் காட்டுச்சு. ராடு உடையும், பிஸ்டன் உருகும், மொத்த எஞ்சினும் சிதறும். டிராக்டர் ஆக்ஸில் இரும்பை எடுத்து, கையாலேயே அரமும் ரம்பமும் போட்டுச் செதுக்கி, ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணி, புது ராடு செஞ்சார்.

உடைஞ்சதையெல்லாம் அவர் குப்பையில போடலை. ஷெட்டுல ஒரு அலமாரி முழுக்க அடுக்கி வச்சு, வேக தேவனுக்குச் செலுத்திய காணிக்கைகள்னு அதுக்கு மேல எழுதியும் வச்சார். விளையாட்டாத் தெரியலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க: எந்த இடத்துல விரிசல் ஆரம்பிச்சது, எந்தப் பக்கம் உருகிச்சுன்னு, உடைஞ்ச பாகத்தை விடத் தெளிவாச் சொல்ற ரிப்போர்ட் வேற எது? ஃபெயிலியர் அனாலிசிஸ்னு நாம ஒரு பேப்பரா படிக்கிறதை, அவர் ஒரு அலமாரியா வச்சிருந்தார்.

இதுக்கெல்லாம் விலையும் இருந்தது. இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் மனைவியோட விவாகரத்து. வேலையை விட்டுட்டு, பூட்டிவைக்கிற ஒரு கராஜிலேயே குடியேறினார். தூங்குறதும் அங்கதான், லேத் ஓட்டுறதும் அங்கதான். 1953-ல் ஸ்பிரிங்ஃபீல்டு கம்பெனியும் உற்பத்தியை நிறுத்திடுச்சு. பைக்கைச் செஞ்சவங்களே கைவிட்ட பிறகும் அவர் விடலை. 50-களின் கடைசியில நெஞ்சுவலி நோயும் வந்தது. இதை 'வெறி'ன்னு சொல்லலாம், 'தவம்'னும் சொல்லலாம். எது சரின்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

அடுத்து அமெரிக்கா. யூட்டா மாநிலத்துல போன்வில் உப்புச் சமவெளி இருக்கு. கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் தட்டையான வெள்ளை உப்பு, அதனால உலகம் முழுக்க வேகப் பைத்தியங்கள் அங்கதான் போவாங்க. மன்றோவும் பைக்கைக் கப்பல்ல ஏத்திட்டுப் போனார்.

இங்க ஒரு சின்னக் கணக்கு. காற்றோட எதிர்ப்பை வெல்லத் தேவையான பவர், வேகத்தோட கனத்துக்கு ஏத்தபடி கூடும். வண்டியோட வடிவம் மாறாம 89-ல் இருந்து 296 கிலோமீட்டர் வேகத்துக்குப் போகணும்னா, 36 மடங்குக்கும் மேல பவர் வேணும். வெறும் எஞ்சினைத் தட்டிக் கொட்டி அவ்வளவு தூரம் போக முடியாது. அதனாலதான் பைக்கைச் சுத்தி மீன் மாதிரி நீளமான ஓடு ஒண்ணு செஞ்சு மாட்டினார். உள்ளே குப்புறப் படுத்த மாதிரிதான் ஓட்டணும்.

1962-ல், 63 வயசுல, 883 சிசி பிரிவில் மணிக்கு 288 கிலோமீட்டர் வேகத்தில் சாதனை. 1966-ல் இன்னொரு சாதனை. 1967 ஆகஸ்ட்டில், 1000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் 295.45 கிலோமீட்டர். அப்போ அவருக்கு 68 வயசு, பைக்குக்கு 47 வயசு. அந்த வருஷம் தகுதிச் சுற்றில் ஒரு பக்கமாப் போனப்போ 305 கிலோமீட்டரையும் தாண்டினார். ஆனா அது சாதனைக் கணக்கில் சேராது. காற்றோட சாதகத்தைக் கழிக்க, எதிரெதிர்த் திசையில இரண்டு தடவை ஓட்டி, சராசரி எடுத்தாதான் செல்லும்.

உடம்பு ஒத்துழைக்காமப் போனதும் பந்தயம் நின்னுச்சு. 1977-ல் பக்கவாதம் வந்தது. பைக்குகள் சொந்த மண்ணை விட்டுப் போகக்கூடாதுன்னு உள்ளூர் வியாபாரிகிட்டயே வித்தார். 1978 ஜனவரி 6-ல், 78 வயசுல காலமானார். அவரோட பைக் இன்னைக்கும் இன்வர்கார்கில்லில் ஒரு ஹார்டுவேர் கடையில காட்சிக்கு நிக்குது.

கதை இதோட முடியலை. 1967-ல் அந்தச் சராசரியைப் போட்டதுலேயே தப்பு இருந்ததை, பல வருஷம் கழிச்சு அவரோட மகன் கண்டுபிடிச்சார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 2014-ல் அதை ஒத்துக்கிட்டு, வேகத்தை 296.26 கிலோமீட்டர்னு திருத்தினது. ஆள் போய் 36 வருஷம் கழிச்சும் அந்தப் பைக்கோட வேகம் ஏறியிருக்கு!

அடுத்த தடவை உங்க புராஜெக்ட்ல ஷாஃப்ட் உடைஞ்சாலோ, மோட்டார் புகைஞ்சாலோ, ரிவ்யூவுக்கு முன்னாடி அதை மறைக்க அவசரமா டஸ்ட்பினைத் தேடாதீங்க. எடுத்துத் துடைச்சு, எங்க, ஏன் உடைஞ்சதுன்னு பாருங்க. அப்புறம் தேதி எழுதி ஹாஸ்டல் அலமாரியில வையுங்க. மன்றோவோட அலமாரியும் அப்படி ஒரு உடைஞ்ச துண்டுலதான் ஆரம்பிச்சிருக்கும்.