வீட்டுல ஒருத்தரை மன்னிக்க முடியலையா? செல்லம்மா பாரதியைப் படிங்க!

உங்க ஃப்ரெண்ட் ஒருத்தர் திருச்சி கைலாசபுரம் குவார்ட்டர்ஸ்ல இருக்கார்னு வெச்சுக்கோங்க. அப்பாகூடப் பேசி மூணு வருஷம் ஆச்சு. ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்ல வந்து, மனசு ஆறுற மாதிரி ஏதாவது புக் இருந்தா சொல்லேன்னு கேட்கிறார். என்ன சொல்வீங்க? கூகுள்ல தேடினா, ஏழே நாள்ல மன்னிக்கக் கத்துக்கொடுக்கிற புத்தகங்களா வந்து நிக்கும். அதையெல்லாம் கொஞ்சம் ஓரமா வைங்க. நான் சொல்ற பெயர் செல்லம்மா பாரதி.

ஆமா, மகாகவி பாரதியாரோட மனைவிதான். 1951-ல் அவர் திருச்சி வானொலியில் பேசினார். பேச்சுக்குத் தலைப்பு, 'என் கணவர்'. அப்போ பெல் தொழிற்சாலையும் இல்லை, கைலாசபுரம் டவுன்ஷிப்பும் இல்லை. பாரதி இறந்து 30 வருஷம் ஆகியிருந்தது. அந்த 30 வருஷம்தான் இந்தக் கதையில முக்கியம்.

ஏழு வயசுல கல்யாணம்

செல்லம்மா பிறந்தது 1890-ல், கடையத்தில். 1897-ல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயசு 14, பொண்ணுக்கு 7. அடுத்த வருஷமே பாரதியின் அப்பா இறந்துபோக, பாரதி அத்தை வீட்டுக்கு, காசிக்குப் போய்விட்டார். அங்கிருந்து செல்லம்மாவுக்கு அவர் எழுதிய ஒரு கடிதம் இன்னிக்கும் பிரபலம். கவலைப்படுற நேரத்துல உட்கார்ந்து தமிழ் படிக்கச் சொல்லியிருந்தார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

1904-ல் சென்னையில் 'சுதேசமித்திரன்' வேலை. மூத்த மகள் தங்கம்மாள், அடுத்து 1908-ல் சகுந்தலா. குடும்பம் நிமிர்ந்துவிட்டதுனு நினைக்கிறப்போ, அதே 1908-ல் 'இந்தியா' பத்திரிகை மேல பிரிட்டிஷ் அரசு பாய்ந்தது. கைதாகாமல் இருக்க, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார் பாரதி. செல்லம்மாவும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார்.

பத்து வருஷப் புதுச்சேரி

நாம பாடப்புத்தகத்துல படிச்ச புதுச்சேரி வேற. 'குயில் பாட்டு', 'கண்ணன் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' எல்லாம் அங்கே பிறந்தவை. அடுப்படியில் இருந்து பார்த்தா அந்த ஊர் வேற மாதிரி தெரியும். 1910-ல் 'இந்தியா' நின்னுபோச்சு. நிலையான வருமானம் கிடையாது. தெருவில் ஒற்றர்கள் நடமாட்டம். ரெண்டு பெண் குழந்தைகள்.

சமைக்க வெச்சிருந்த அரிசியை பாரதி குருவிகளுக்கு இறைத்த கதை உங்களுக்குத் தெரியும். ரீல்ஸ்ல பார்த்தா கண் கலங்கும். ஆனா ஒரு நிமிஷம் செல்லம்மா இடத்துல நின்னு பாருங்க. குருவி சாப்பிட்டாச்சு, குழந்தைகளுக்கு என்ன போடுறது? இன்னிக்கு நம்ம வீட்டுல யாராவது இப்படிப் பண்ணினா, ஃபேமிலி குரூப்ல எவ்வளவு பெரிய சண்டை ஆகியிருக்கும்!

பாரதி சாதியை மீறினார். கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டார். வரலாறு அதைக் கொண்டாடுது, கொண்டாடணும். ஆனா ஊராரும் உறவினரும் முகம் சுளிச்சப்போ, அந்த வலியில் செல்லம்மாவுக்கும் பங்கு இருந்தது. அவர் கேட்டு வந்த வாழ்க்கையில்லை அது.

1918-ல் புதுச்சேரியை விட்டுக் கிளம்பியதும் கைது. விடுதலையாகி கடையம். 1920-ல் மறுபடி சென்னை, மறுபடி 'சுதேசமித்திரன்'. 1921 செப்டம்பரில் பாரதி இறந்தபோது அவருக்கு 38 வயசு. செல்லம்மாவுக்கு 31.

கோபத்தை என்ன பண்ணினார்?

கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க முடியாது. ஆனா செல்லம்மா 'பாரதி ஆச்ரமம்'னு ஒரு பதிப்பகம் ஆரம்பிச்சு, 1922-ல் கணவரோட பாடல்களைப் புத்தகமா கொண்டு வந்தார். அது நிலைக்கலை. உரிமை கைமாறியது. 1949-ல் அரசே வாங்கி, பிற்பாடு எல்லோருக்கும் பொதுவாக்கியது.

1941-ல் வந்தது அவரோட 'பாரதியார் சரித்திரம்'. அம்மா சொல்லச் சொல்ல, மகள் தங்கம்மாள் எழுதிய புத்தகம். பாரதி இறந்து 20 வருஷம் கழிச்சு! அதுல கவிஞரோட பெருமையும் இருக்கு, வீட்டோட வறுமையும் இருக்கு. கணவரைத் தெய்வமாக்கி கஷ்டத்தை மறைக்கலை. கஷ்டத்தைச் சொல்லி கணவரைச் சின்னவராக்கவும் இல்லை. பத்து வருஷம் கழிச்சுப் பேசின வானொலிப் பேச்சும் அப்படித்தான். ஒரு கவிஞனுக்கு மனைவியா இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு ஒளிக்காம சொன்னார். அதே மூச்சுல பெருமையும் பட்டார்.

இதுக்கு மன்னிப்புனு பெயர் வைக்கலாமா? நான் வைப்பேன். நடந்ததை இல்லைனு சொல்றது மன்னிப்பு இல்லை. நடந்ததை முழுசா, நியாயமா சொல்ல முடியுற இடத்துக்கு வந்து சேர்றதுதான். அதுக்கு செல்லம்மாவுக்கே 20 வருஷம் ஆச்சு. உங்க ஃப்ரெண்டுக்கு மூணு வருஷம் பத்தலைன்னா, அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை.

ஒரு விஷயம். குடிச்சிட்டு அடிக்கிறவர், வீட்டுக்குள்ளேயே அத்துமீறுறவர்... அங்கே புத்தகம் கொடுத்து பொறுத்துக்கச் சொல்லாதீங்க. முதல்ல பாதுகாப்பு. மன்னிக்கிறதா வேண்டாமாங்கிறது அவங்க முடிவு.

மத்தவங்களுக்கு, மூணு புத்தகம் சொல்றேன். முதல்ல 'பாரதியார் சரித்திரம்'. அடுத்து, மகள் சகுந்தலா தன் அப்பாவைப் பத்தி எழுதிய புத்தகம். மூணாவது, புதுச்சேரியில் அந்த வீட்டுக்கு ஓடி ஓடி வந்த யதுகிரி அம்மாளோட 'பாரதி நினைவுகள்'. ஒரே மனுஷனை மனைவி, மகள், பக்கத்து வீட்டுப் பொண்ணுனு மூணு பேர் பார்க்கிறாங்க. படிச்சு முடிக்கிறப்போ, நம்ம அப்பாவையும் நாம ஒரே பக்கத்துல இருந்துதான் பார்த்திருக்கோமோனு ஒரு சந்தேகம் வரும். அது போதும்.

காசிக் கடிதம் ஞாபகம் இருக்கா? கவலைப்படுற நேரத்துல தமிழ் படிக்கச் சொன்னாரே, அந்த 40 வருஷக் கவலையை செல்லம்மா தமிழ்ப் புத்தகமாவே ஆக்கிட்டார்.

ஃப்ரெண்டுக்கு இன்னிக்கே பதில் போடுங்க. அப்பாகிட்ட பேசச் சொல்ல வேண்டாம். புத்தகத்தோட பெயரை மட்டும் அனுப்புங்க.