பொம்மை ரயில் மேதை ஜான் ஆலன்



நம் சுவர் இதழில் இதுவரை தலைவர்கள், விஞ்ஞானிகள் வாழ்க்கை வரலாறுதான் வந்திருக்கிறது. இந்தத் தடவை நான் எழுதப்போவது பொம்மை ரயில் செய்த ஒருவரைப் பற்றி. சிரிக்காதீர்கள்! முழுசாகப் படித்துவிட்டு, அப்புறமும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

இவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. போன வருடக் கண்காட்சிக்கு நாங்கள் ஆறு பேர் சேர்ந்து களிமண்ணில் அணைக்கட்டு செய்தோம். ஒரு வாரம் ஆனது. கண்காட்சிக்கு முதல் நாள் ராத்திரி மழை பெய்து, ஓடு ஒழுகி, காலையில் வந்து பார்த்தால் வெறும் சேறு. நான் அன்றைக்கு சாப்பிடவே இல்லை. ஜான் ஆலன் கதை தெரிந்த பிறகுதான் என் மனசு ஆறியது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பிறப்பும் தொழிலும்

ஜான் விட்பி ஆலன் 1913-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி, அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் ஜாப்ளின் என்ற ஊரில் பிறந்தார். அது ஈயமும் துத்தநாகமும் தோண்டி எடுத்த சுரங்க ஊர். பெரியவரானதும் போட்டோ எடுப்பதைத் தொழிலாக வைத்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு கலிபோர்னியா மாநிலத்தில் மான்டரே என்ற கடற்கரை ஊரில் போய்க் குடியேறினார். அங்கேதான் ரயில் கட்ட ஆரம்பித்தார்.

பொம்மை ரயில் என்றால் திருவிழாக் கடையில் சாவி கொடுத்து ஓட விடுவது இல்லை. நிஜ ரயிலை அப்படியே 87-ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்வார்கள். இதற்கு எச்.ஓ. அளவு என்று பெயர். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் 16.5 மில்லிமீட்டர்தான் இடைவெளி. 40 அடி நீளமுள்ள கூட்ஸ் பெட்டி சுமார் 14 சென்டிமீட்டராகிவிடும். நாம் எல்லாம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உயரம்தான் இருப்போம்! தண்டவாளத்தில் கொஞ்சமாக மின்சாரம் பாயும். அது சக்கரம் வழியாக இஞ்சினுக்குள் இருக்கும் குட்டி மோட்டாருக்குப் போகும். கையில் உள்ள திருகைத் திருகினால் வேகம் கூடும், குறையும்.

அவர் கட்டிய உலகம்

ஆலன் தன் ரயில் பாதைக்கு கோர் அண்ட் டாஃபெடிட் என்று பெயர் வைத்தார். எழுத்தைப் பார்த்தால் ஏதோ இரண்டு ஊர்ப் பெயர் மாதிரி இருக்கும். ஆனால் அமெரிக்கர்கள் அதை வாய்விட்டுப் படித்தால், ரத்தக்களரியாகித் தோற்றுப்போனது என்ற அர்த்தம் காதில் விழும். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்ளும் மனிதர் போலிருக்கிறது.

முதலில் கட்டியது சின்னது, ஒரு மேசை அளவுதான். அப்புறம் இன்னொன்று கட்டினார். 1950-களில் வீட்டின் நிலவறையில் மூன்றாவதை ஆரம்பித்தார். இதில் அழகு என்ன தெரியுமா? முதல் முதலில் செய்த அந்தச் சின்ன ரயிலைத் தூக்கிப் போடாமல், பெரிய ரயிலுக்குள்ளேயே ஒரு பகுதியாகச் சேர்த்துவிட்டார். நாம் ஒன்றாம் வகுப்பில் எழுதிய நோட்டை இன்னும் பத்திரமாக வைத்திருப்பது மாதிரி!

அந்த மூன்றாவது ரயிலில் மலை தரையில் ஆரம்பித்துக் கூரை வரைக்கும் போகும். ஆழமான பள்ளத்தாக்குகள், அவற்றின் மேல் ஒல்லி ஒல்லியான பாலங்கள், துறைமுகம், ஊர்கள் எல்லாம் உண்டு. பார்க்க வருபவர்கள் மலைகளுக்கு நடுவே நடந்து போகலாம்.

அந்தக் காலத்தில் பெரும்பாலோர் பொம்மை ரயிலைப் பளபளவென்று வைத்திருப்பார்கள். ஆலன் அதற்கு நேர்மாறு. இஞ்சின் மேல் கரி, பெட்டியில் துரு, வீட்டுச் சுவரில் மழை வழிந்த கறை, உடைந்த பலகை என்று வேலை மெனக்கெட்டு அழுக்காக்குவார். அப்போதுதான் அது உழைக்கிற ரயிலாகத் தெரியும். உண்மைதானே? நம் ஊர் டவுன் பஸ் புதுசு போலப் பளிச்சென்று வந்தால் நமக்கே அடையாளம் தெரியாதே!

இன்னும் சில வித்தைகள் செய்தார். பக்கத்தில் இருக்கும் வீட்டைப் பெரியதாகவும், தூரத்து வீட்டை அதைவிடச் சிறிய அளவிலும் செய்து வைப்பார். பார்க்கிறவர்களுக்கு அது பல மைல் தள்ளி இருப்பது போல் தோன்றும். சில இடங்களில் கண்ணாடியை மறைத்து வைப்பார். பாதி ஊர் கண்ணாடியில் பிரதிபலித்து முழு ஊராகத் தெரியும். நம் எட்டாம் வகுப்பு ஒளியியல் பாடம்தான், ஆனால் நாம் பரீட்சைக்கு எழுதியதோடு விட்டுவிட்டோம்.

போட்டோக்காரர் ஆயிற்றே, தான் செய்ததை எல்லாம் அருமையாகப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. வார்னி என்ற பொம்மை ரயில் கம்பெனியின் விளம்பரங்களிலும் வந்தன. அவருடைய ரயிலில் எம்மா என்று ஒரு டைனோசர் உண்டு. முதுகில் தட்டுத் தட்டாக எலும்பு உள்ள ஸ்டெகோசாரஸ். அது இஞ்சினுக்குப் பதிலாகக் கூட்ஸ் பெட்டிகளைத் தள்ளுகிற மாதிரி படம் எடுத்துப் போட்டார்! இவ்வளவு உண்மையாகச் செய்பவர், நடுவில் இப்படி ஒரு குறும்பும் செய்வார்.

ஷண்டிங் என்னும் புதிர்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆலனுக்கு ரயில் சும்மா வட்டமடித்து ஓடினால் மட்டும் போதாது. நிஜ ரயில் மாதிரி வேலை செய்ய வேண்டும். எந்தப் பெட்டி எந்த ஊரில், எந்தத் தொழிற்சாலை வாசலில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு பெட்டி மேலும் சின்ன அடையாளச் சீட்டு வைப்பார். நண்பர்கள் வந்து அதைப் பார்த்து வண்டியை ஓட்டுவார்கள். அமெரிக்காவில் ஒரே கூட்ஸ் வண்டியில் பல பேருடைய சரக்குப் பெட்டிகள் வரும். வழியில் மர ஆலைக்கு ஒன்று, மாவு ஆலைக்கு ஒன்று என்று பிரித்து விட்டுக்கொண்டே போக வேண்டும். இதைத்தான் ஷண்டிங் என்கிறோம்.

என் தாய்மாமா ரயில்வேயில் வேலை பார்க்கிறார். அவரிடம் கேட்டேன். அரிசி கொட்டி வைத்த முறத்தை இழுத்து, அதில் விரலால் கோடு போட்டுச் சொல்லிக் கொடுத்தார். இஞ்சின் முன்னால், பெட்டி பின்னால் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளைப்பாதை தாண்டிய பிறகு பின்பக்கமாகப் பிரிந்தால் சுலபம். பாயிண்டைத் தாண்டி நின்று, பெட்டியைப் பின்னால் தள்ளி உள்ளே விட்டுவிடலாம். ஆனால் கிளைப்பாதை முன்பக்கமாகப் பிரிந்தால்? இஞ்சின் முதலில் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். பெட்டி வெளியே வர வழியை அடைத்துக்கொள்ளும். அதனால் பக்கத்தில் ஒரு லூப் லைன் வேண்டும். பெட்டியை ஒரு தண்டவாளத்தில் கழற்றிவிட்டு, இஞ்சின் அடுத்த தண்டவாளம் வழியாகச் சுற்றிப் பெட்டிக்குப் பின்னால் வந்து, அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள், அரிசியைச் சிந்துகிறோம் என்று அம்மா முறத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆலன் இந்த வேலையை மட்டும் தனியே எடுத்து ஒரு விளையாட்டாக்கினார். அதன் பெயர் டைம்சேவர். நேரத்தை மிச்சப்படுத்துவது என்று அர்த்தம். ஒரு பலகை, ஐந்து பாயிண்ட், நடுவில் ஒரு லூப், சில குட்டைக் கிளைப்பாதைகள், ஒரு இஞ்சின், ஐந்து பெட்டி. இவ்வளவுதான். பெட்டிகளை அதது இடத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவர்தான் ஜெயித்தவர். ஆனால் ஒவ்வொரு பாதையையும் வேண்டுமென்றே குட்டையாக வைத்திருக்கிறார். ஒரு பெட்டியை எடுக்க இரண்டு பெட்டியை நகர்த்த வேண்டும். நகர்த்திய பெட்டி இன்னொன்றுக்கு வழியை அடைக்கும். வேகமாக ஓட்டி ஜெயிக்கவும் முடியாது. எல்லோருக்கும் சமமாக இருக்கட்டும் என்று இஞ்சின் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தார். அதனால் கை வேகம் பலிக்காது, மூளைதான் ஓட வேண்டும். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

இந்த விளையாட்டைப் பற்றி மாடல் ரெயில்ரோடர் என்ற பத்திரிகையில் 1972-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் எழுதினார். பாதை எப்படி அமைப்பது என்பதை மறைக்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

மறைவும் தீயும்

அது வெளிவந்து அதிக நாள் ஆகியிருக்காது. 1973-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி ஜான் ஆலன் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 59.

துக்கம் அதோடு முடியவில்லை. அவர் இறந்து பத்தே நாளில் அந்த வீட்டில் தீப்பிடித்தது. ஏறக்குறைய இருபது வருடம் கட்டிய மலைகளும் பாலங்களும் ஊர்களும் பெரும்பாலும் எரிந்துபோயின. இதை முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு எங்கள் அணைக்கட்டு ஞாபகம்தான் வந்தது. நாங்கள் ஒரு வாரத்துக்கு அழுதோம். இது இருபது வருடம்! நல்லவேளை, அவர் பார்க்கவில்லை என்று நினைப்பதா, அவரே இல்லையே என்று நினைப்பதா, தெரியவில்லை.

ஆனால் பாருங்கள், எல்லாம் போய்விடவில்லை. அவர் எடுத்த படங்கள் பத்திரிகைகளில் இருந்தன. அந்தப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் ஆலனைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அது 1981-இல் வெளிவந்தது. வெஸ்ட்காட் அதற்கு முன்பே 1980-இல் இறந்துவிட்டார். இருவருமே அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. படிக்கிறவர்கள்தான் பார்த்தார்கள்.

டைம்சேவரும் எரியவில்லை. அது எப்படி எரியும்? அது ஒரே வீட்டில் இல்லையே. பலகையில் தண்டவாளம் ஆணியடித்து, அடியில் கம்பி இணைத்து யார் வேண்டுமானாலும் செய்யலாம். காரில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோகிற அளவுதான். பல நாட்டு ரயில் கண்காட்சிகளில் அதை மேசை மேல் வைத்து, வருகிறவர்களிடமே திருகைக் கொடுத்து ஓட்டச் சொல்கிறார்கள். குச்சியால் கொக்கியை நெம்பிப் பெட்டியைக் கழற்றி, குழந்தைகளும் தாத்தாக்களும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்களாம்! பெரிய பெரிய மலை போய்விட்டது. சின்னப் பலகை நின்றுவிட்டது.

நான் கற்றுக்கொண்டது

எங்கள் அணைக்கட்டு கரைந்த அன்றைக்கு, அதை எப்படிச் செய்தோம் என்று நாங்கள் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. எழுதியும் வைக்கவில்லை. மழை வந்ததும் எல்லாமே போய்விட்டது. ஆலன் தனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதனால் தீ வந்தும் போகவில்லை. வாசலில் போட்ட கோலம் சாயங்காலத்துக்குள் அழிந்துவிடும். ஆனால் புள்ளிக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த பாட்டியின் கோலம் எத்தனை வாசலில் இருக்கிறது! இந்த வருடம் நாங்கள் மறுபடியும் அணை செய்கிறோம். இந்தத் தடவை நோட்டில் படம் போட்டு, அளவு குறித்துவிட்டுத்தான் மண்ணையே தொடுவோம். எட்டாம் வகுப்புத் தங்கைகளும் வந்து பார்க்கலாம்.

நீங்களும் விளையாடுங்கள்!

தரையில் சாக்பீஸால் இடமிருந்து வலமாக ஒரு நீளக் கோடு போடுங்கள். நடுவில் லூப் போடுங்கள். லூப்பின் இரண்டு பாதையிலும் ஒவ்வொரு தீப்பெட்டிதான் நிற்கலாம். லூப்பைத் தாண்டி வலது பக்கம் முன்னோக்கிப் பிரியும் ஒரு கிளைப்பாதை போடுங்கள். கோடு கிளையைத் தாண்டியும் கொஞ்சம் நீளட்டும். ரப்பர்தான் இஞ்சின். இரண்டு தீப்பெட்டிகளில் அரிசி என்றும் உப்பு என்றும் எழுதுங்கள். இஞ்சின், அதன் பின்னால் அரிசி, கடைசியில் உப்பு என்று மூன்றும் இடது பக்கத்திலிருந்து வருகின்றன. இரண்டு பெட்டியையும் கிளைப்பாதைக்குள் விட்டுவிட்டு இஞ்சின் வெளியே வந்துவிட வேண்டும். கையால் தூக்கி வைக்கக் கூடாது! உப்புப் பெட்டியை எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

விடை அடுத்த மாத இதழில். அதற்குள் கண்டுபிடித்தவர்கள் எழுதி ஒன்பதாம் வகுப்பில் கொடுங்கள், பெயரோடு ஒட்டுகிறோம்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி