காற்றில் நெய்த ஆடை

நுழையும்முன்

ஆடற்கலைக்கு உடலே கருவி. அக்கருவியை அவையோர் எவ்வாறு காண வேண்டும் என்பதை உடை முடிவு செய்கிறது. ஐரோப்பிய பாலே நடனத்தின் அடையாளமாக இன்று உலகம் அறிந்திருப்பது, அடுக்கடுக்கான மெல்லிய துணியால் அமைந்த வெண்ணிறப் பாவாடை. அதனை டூட்டூ என்பர். அவ்வுடையை மேடையில் நிலைபெறச் செய்தவர் மரி தாலியோனி. அழகுக்குப் பின்னிருக்கும் உழைப்பையும் அழகுக்காகக் கொடுக்கப்பட்ட விலையையும் அவர் வாழ்வு ஒருசேர உணர்த்துகிறது.

அரசவையிலிருந்து அரங்கிற்கு

பாலே, இத்தாலி, பிரான்சு நாட்டு அரசவைகளில் வளர்ந்த கலை. தொடக்கக் காலத்தில் ஆடல் மகளிர் அரசவைப் பெண்டிரைப் போன்றே உடுத்தினர். இடையின் இருபுறமும் வளையங்களால் விரிக்கப்பட்ட கனத்த பாவாடை நிலம்வரை தாழ்ந்திருந்தது. கால்கள் செய்யும் நுட்பமான வேலை அவையோர் கண்ணுக்கு எட்டவில்லை. 18ஆம் நூற்றாண்டில் மரி கமார்கோ என்னும் ஆடலரசி, தம் காலசைவுகள் தெரியும்பொருட்டுப் பாவாடையைக் கணுக்காலுக்குமேல் உயர்த்தினார். அவர் காலத்தவரான மரி சாலே, 1734இல் இலண்டன் மேடையில் வளையப் பாவாடையை விலக்கி, எளிய மஸ்லின் ஆடையில் தோன்றினார். இவ்விருவரும் இட்ட வித்து, ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் தாலியோனியிடம் மலர்ந்தது.

தந்தையே ஆசான்

மரி தாலியோனி 1804ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். தந்தை பிலிப்போ தாலியோனி இத்தாலியர்; நடனக் கலைஞர், நடன அமைப்பாளர். தாய்வழிப் பாட்டனார் சுவீடன் நாட்டு இசைநாடகப் பாடகர். கலைக்குடும்பத்தில் பிறந்தும் மரியின் உடலமைப்பு ஆடலுக்கு ஏற்றதன்று எனப் பலரும் கருதினர். முதுகு சற்றே வளைந்திருந்தது. கைகள் அளவுக்கு மீறி நீண்டிருந்தன. பாரிசில் உடன்பயின்றோர் அவரை எள்ளி நகையாடினர்.

வியன்னாவில் பணியாற்றிய தந்தை, மகளைத் தம்மிடம் வரவழைத்துக் கொண்டார். ஆறு மாதக் காலம் நாள்தோறும் ஆறு மணிநேரம் பயிற்சி நடந்தது. காலையில் கால்களுக்கு வலுவூட்டும் பயிற்சி, அடுத்து ஒற்றைக் காலில் அசையாது நிற்கும் பயிற்சி, மாலையில் தாவுதலும் ஓசையின்றித் தரையிறங்குதலும் எனத் தந்தை வகுத்த முறையில் மகள் தம்மை உருக்கிக்கொண்டார். நீண்ட கைகளின் குறை தெரியாவண்ணம் அவற்றை மென்மையாக வளைத்துக் காட்டும் நிலைகளைத் தந்தை அமைத்தார். குறையென எள்ளப்பட்டதே பின்னாளில் அவரது தனி நடையாயிற்று. 1822இல் வியன்னாவிலும், 1827இல் பாரிசு ஓபராவிலும் அவர் மேடையேறினார்.

வெண்மையின் வெற்றி

1832 மார்ச் 12ஆம் நாள் பாரிசு ஓபராவில் ‘லா சில்ஃபீட்’ என்னும் பாலே அரங்கேறியது. தந்தை அமைத்த அந்நடனத்தில், ஸ்காட்லாந்து இளைஞன் ஒருவனின் மனத்தைக் கவரும் வானணங்காக மரி தோன்றினார். ஓவியர் யூஜீன் லாமி வடிவமைத்ததாகக் கூறப்படும் அவ்வுடை, கச்சிதமான மேற்சட்டையும், மெல்லிய வெண்துணி அடுக்குகளாலான மணிவடிவப் பாவாடையும், முதுகில் சிறு இறகுகளும் கொண்டது. பாவாடை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே நின்றது. பொன்னிழையும் மணியும் பதித்த பழைய உடைகளுக்குமுன் அது மிக எளியது.

அவ்வெளிமையே அதன் ஆற்றல். பாரிசு ஓபராவில் 1822 முதல் எரிவாயு விளக்குகள் பயன்பட்டுவந்தன. அம்மங்கிய ஒளியில் வெண்துணி நிலவொளிபோல் விளங்கிற்று. ஒவ்வோர் அசைவுக்கும் பின்னே மெல்ல எழுந்து தாழ்ந்தது. பாதநுனியில் நின்ற மரி, தரையைத் தொடாமல் மிதப்பவர்போல் தோன்றினார். இன்றுள்ள உறுதியான காலணி அன்று இல்லை. நுனியில் நூலால் தைத்து உரமேற்றிய மென்பட்டுக் காலணியே இருந்தது. உடலைத் தாங்கியது காலணியன்று, பல்லாண்டுப் பயிற்சி. அவ்வுழைப்பை அவையோர் காணாதபடி மறைத்தது வெண்ணிற ஆடை.

அதன்பின் அவர் புகழ் ஐரோப்பா எங்கும் பரவியது. 1837 முதல் ஐந்தாண்டுகள் உருசியாவில் ஆடினார். அங்கு அன்பர்கள் சிலர் அவரது காலணியை விலைக்கு வாங்கிச் சமைத்து உண்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. 1847இல் அவர் மேடையிலிருந்து ஓய்வுபெற்றார்.

தெரிந்து தெளிவோம்

டூட்டூ இருவகைப்படும். தாலியோனி அணிந்தது போன்று முழங்காலுக்குக் கீழே மணிவடிவில் தாழும் நீண்ட உடை ஒருவகை. இடையைச் சுற்றித் தட்டுப்போல் விரிந்து, கால்கள் முழுமையும் தெரியுமாறு அமையும் குறுகிய உடை மற்றொரு வகை. கால்வேலைப்பாடு கடினமாகிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்குறுகிய உடை வளர்ந்தது.

மாணவியும் நெருப்பும்

1858இல் எம்மா லிவ்ரி என்னும் பதினாறு அகவை இளம்பெண், தாலியோனியின் புகழ்பெற்ற வானணங்கு வேடத்திலேயே பாரிசில் அறிமுகமானார். அவரைக் காண வந்த தாலியோனி, தம் கலைக்கு வழித்தோன்றல் கிடைத்ததென மகிழ்ந்து அவருக்கு ஆசிரியரானார். 1860இல் அவருக்காகவே ‘லே பாப்பியோன்’ என்னும் நடனத்தை அமைத்தார். தீப்பந்தத்தில் இறகு கருகும் வண்ணத்துப்பூச்சியின் வேடம் எம்மாவுக்கு வாய்த்தது.

மெல்லிய துணியும் திறந்த சுடரும் ஒரே மேடையில் இருந்ததால் ஆடல் மகளிர் பலர் தீக்கு இரையாயினர். ஆதலின் படிகாரம் முதலியவை கரைந்த நீரில் ஆடைகளை நனைத்துப் பயன்படுத்த வேண்டும் என 1859இல் அரசாணை பிறந்தது. அவ்வாறு நனைத்த துணி விறைத்தது, வெண்மை மங்கியது. மிதக்கும் அழகு கெடும் எனக் கருதிய எம்மா அதனை அணிய மறுத்து, விளைவுக்குத் தாமே பொறுப்பு என எழுதியும் கொடுத்தார். 1862 நவம்பர் 15ஆம் நாள் ஒத்திகையின்போது மேடையோர எரிவாயுச் சுடர் அவர் பாவாடையைப் பற்றியது. எட்டு மாதம் துன்புற்று, 1863 சூலை 26ஆம் நாள் உயிர்நீத்தார். கருகிய ஆடையின் எச்சங்கள் பாரிசு ஓபராவின் காட்சியகத்தில் காக்கப்படுகின்றன.

நிலைத்த புகழ்

1870இல் மூண்ட பிரஷ்யப் போருக்குப்பின், செல்வமிழந்த தாலியோனி இலண்டன் சென்று, முதுமையிலும் நடனம் கற்பித்து வாழ்ந்தார். 1884 ஏப்ரல் 22ஆம் நாள், எண்பது அகவை நிறைய ஒருநாளே இருக்க, மார்செய் நகரில் மறைந்தார்.

அவர் நிலைபெறச் செய்த வெண்ணிற உடை இன்றும் உலக மேடைகளில் மிதக்கிறது. திறந்த சுடர் இருந்த இடத்தில் இன்று மின்விளக்கு ஒளிர்கிறது. எளிய வெண்துணி ஒரு கலையின் முகத்தையே மாற்றவல்லது என்பதைத் தாலியோனியின் வெற்றி காட்டிற்று. கலையைக் காப்பதற்குமுன் கலைஞரைக் காக்க வேண்டும் என்பதை அவர்தம் மாணவியின் முடிவு உணர்த்திற்று. அவ்வுடையின் வரலாற்றில் இரண்டும் பிரிக்க இயலாதவை.