நிக்கோபாரின் குரல்

அரசியல் என்றாலே கொடி, கூட்டம், கட்சி என்றுதான் நாம் எண்ணுகிறோம். கட்சியின்றியே ஒரு சிற்றினத்தின் குரலாய் நின்றவர் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன்.

கார் நிக்கோபார்த் தீவின் மூஸ் என்னும் ஊரில் பிறந்தவர். அவருக்கு எழுத்தறிவித்தவர் வேதப்பன் சாலமன் என்னும் தமிழர். இதை எண்ணி நான் பூரிக்கிறேன். பர்மாவில் பயின்று, ஊர் திரும்பி ஆசிரியரானார். புதிய ஏற்பாட்டைத் தம் தாய்மொழியில் பெயர்த்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு உயிர் தப்பினார்.

1952-இல் அந்தத் தீவுகளுக்கு வாக்குரிமை கிட்டவில்லை. குடியரசுத் தலைவரின் நியமனத்தால் அவர் முதல் மக்களவையில் அமர்ந்தார். 1967-இல்தான் தீவு மக்கள் தம் உறுப்பினரைத் தாமே தேர்ந்தெடுத்தனர்.

1978-இல் அவர் மறைந்தார். நியமனம் நல்லவரைத் தரலாம். ஆயினும் வாக்குரிமைக்கு அது ஈடாகாது என்பேன். சிற்றினத்துக்கு இரண்டும் வேண்டும்: தகுதியான தலைவர், தானே தேர்ந்தெடுக்கும் உரிமை.