புழுவோடு செடியையும் வரைந்தவர்

செடியில் புழுவைக் கண்டால், எந்தத் தாய்ப்பூச்சி முட்டையிட்டது என்று பார்ப்பீர்கள். 17-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில், அழுகலிலும் சேற்றிலும் புழு தானாகவே உண்டாகிறது என்று பலர் நம்பினர்.

1647-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் பிறந்த மரியா சிபில்லா மெரியன், 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்த்துக் கவனித்தவர். ஓவியத் தொழில் குடும்பத்திலேயே இருந்தது. கிடைத்த புழுக்களையெல்லாம் பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அது தின்னும் இலையையே தேடிப் பறித்துப் போட்டார். பட்டுப்புழு வளர்க்கும் உங்களுக்கு அந்தப் பாடு தெரியும். முட்டை, புழு, கூட்டுப்புழு, தாய்ப்பூச்சி ஆகியவற்றை அவை வாழும் செடியோடு ஒரே படத்தில் வரைந்தார். அவரது முதல் புழு நூல் 1679-ல் வெளியானது. சில கூடுகளில் இருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாக ஈக்கள் வந்ததையும் பதிவு செய்தார். காரணம் அப்போது விளங்கவில்லை. இன்று நீங்கள் ஒட்டுண்ணி என்று சொல்வது அவற்றைத்தான்.

1699-ல், 52 வயதில், தன் ஓவியங்களை விற்ற பணத்தில் மகளுடன் தென்னமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். கரும்பைத் தவிர வேறு எதையும் கவனிக்காத தோட்ட முதலாளிகள் அவரைக் கேலி செய்தனர். காட்டில் அவருக்குச் செடியும் பூச்சியும் தேடித் தந்தவர்கள் அடிமைகளும் பூர்வகுடிகளும். அவர்கள் பெயரை மரியா எழுதாமல் விட்டது குறைதான்.

உடல்நலம் கெட்டு 1701-ல் ஆம்ஸ்டர்டாம் திரும்பினார். 60 படங்களுடன் சூரினாம் பூச்சிகள் பற்றிய நூலை 1705-ல் வெளியிட்டார். 1717-ல் அங்கேயே காலமானார்.