விக்டோரியா மகாராணியாரும் அவர்தம் கைப்பின்னலும்

கொடையின் அருமை கொடுக்கப்படும் பொருளின் விலையால் மட்டும் அளக்கப்படுவதன்று. பொன்னை வழங்குவோன் தன் செல்வத்தில் ஒரு கூற்றை வழங்குகின்றான்; தன் கையால் ஒன்றை ஆக்கி வழங்குவோனோ தன் வாழ்நாளிலேயே ஒரு கூற்றை வழங்குகின்றான். குளிர் மிக்க நாடுகளில் தாயர் மக்களுக்கும், உடன்பிறந்தார் உடன்பிறந்தார்க்கும், தோழியர் தோழியர்க்கும் கம்பளி நூலாற் கழுத்துச்சால்வை பின்னிக் கொடுக்கும் வழக்கம் இவ்வகைக் கொடைகளுள் ஒன்றாம். வெயிலில் வாழும் நமக்கு அதன் பயன் எளிதிற் புலப்படாது. பனிக்காற்று எலும்பை ஊடுருவும் இடத்தில் நிற்பானுக்கோ அஃது உயிர்க்காப்பாகும். ஒரே இழையை இரண்டு ஊசிகளாலேனும் நுனி வளைந்த ஒற்றை ஊசியாலேனும் வளையம் வளையமாகக் கோத்து வரிசை வரிசையாக வளர்க்கும் அவ்வேலை மெல்ல நடப்பது. ஒரு சால்வை முடியப் பல மாலைப்பொழுதுகள் செல்லும். அத்தனை பொழுதும் பின்னுவோர் உள்ளம் பெறுவோரை எண்ணிக்கொண்டிருத்தல் இயல்பு. இவ்வழக்கத்தைத் தம் முதுமையிலும் கைவிடாத ஒருவர், அந்நாளில் உலகிற் பெரியதொரு சாம்ராஜ்யத்தின் தலைவியாக விளங்கிய விக்டோரியா மகாராணியார் ஆவர். அவரது வரலாற்றை இக்கைவேலையின் வழியாக ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

விக்டோரியா 1819-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் லண்டன் மாநகரில் கென்சிங்டன் மாளிகையிற் பிறந்தார். தந்தையாராகிய கென்ட் கோமகன் மறு ஆண்டிலேயே இறந்தார். தாயாரோ மகளைத் தம் கண்காணிப்பினின்றும் சிறிதும் விலகவிடாது வளர்த்தனர். அரசுரிமை வந்தெய்தும் நாள்வரை அச்சிறுமி தாயின் அறையிலேயே உறங்க வேண்டியிருந்தது. ஒத்த வயதினரோடு கூடி விளையாடும் பேறு அவருக்கு அரிதாயிற்று. அக்குறையை நிரப்பியவை சிறு மரப்பாவைகள். ஜெர்மானிய ஆசிரியையாராகிய லேசன் அம்மையாரும் அவரும் சேர்ந்து 132 பாவைகளைச் சேகரித்து, அவற்றிற்கு ஆடை தைத்து அணிவித்தனர். அவற்றுள் 32 பாவைகளின் ஆடைகள் இளவரசியாரே தைத்தவை என்பர். தனிமையில் வாடிய குழந்தைக்கு ஊசியும் நூலும் தோழமை தந்தன என்று நாம் கருதுதல் தவறாகாது.

1837-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20-ஆம் நாள், தம் பதினெட்டாம் வயதில், அவர் அரசியாயினார். 1840-இல் ஆல்பர்ட் இளவரசரை மணந்தார். ஒன்பது மக்களை ஈன்றார். அரண்மனையில் அரசியற் கவலைகளும் குழந்தைகளின் கூச்சலும் ஒருங்கே நிறைந்திருந்த காலம் அது.

1854-ஆம் ஆண்டில் ருஷ்யரோடு கிரிமியாப் போர் மூண்டது. அவ்வாண்டின் குளிர்காலத்தில் செவஸ்தபோல் நகரை முற்றியிருந்த ஆங்கிலப் படையினர் தக்க உடையின்றி நடுங்கினர். நவம்பர் மாதம் 14-ஆம் நாள் வீசிய சூறாவளியில், அவர்களுக்குரிய குளிராடைகளை ஏற்றிவந்த கப்பலும் மூழ்கிற்று. போர்முனையில் வீழ்ந்தாரினும் நோயாலும் குளிராலும் மாய்ந்தார் மிகப் பலர். இச்செய்திகள் எட்டியபோது அரசியார் தம் பெண்மக்களையும் அரண்மனை மகளிரையும் கூட்டிப் படையினர்க்காகக் கம்பளி உடைகள் பின்னத் தொடங்கினார். அரண்மனையின் சில கைகள் பின்னியவை ஒரு பெரும்படைக்கு எம்மட்டில் உதவும் என்று வினவலாம். அளவால் அது சிறிதே. ஆயினும் குளிரில் நிற்பவன் ஒரு மனிதன் என்னும் நினைவு அரண்மனையினுள் நுழைந்தமைக்கு அது சான்று. சாதாரணச் சிப்பாயும் பெறத்தக்க விக்டோரியாச் சிலுவை என்னும் வீரப்பதக்கத்தை 1856-இல் அவர் ஏற்படுத்தியதும் அந்நினைவின் பயனே எனலாம்.

1861-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 14-ஆம் நாள் ஆல்பர்ட் இளவரசர் காலமானார். அன்று பூண்ட கரிய உடையை மகாராணியார் தம் இறுதிவரை களையவில்லை. ஏறக்குறைய நாற்பதாண்டுக் கைம்மை வாழ்வில் கைவேலை அவருக்குத் துணையாயிற்று. இராட்டையின்முன் அமர்ந்து அவர் நூல் நூற்கும் நிழற்படமும் உண்டு.

1899-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் தொடங்கியது. மகாராணியாருக்கு அப்போது வயது எண்பது. கண்ணொளி மங்கிவிட்டது, நடையும் தளர்ந்தது. அந்நிலையிலும் அவர் நுனி வளைந்த ஊசியைக் கையிலேந்திக் காக்கி நிறக் கம்பளி நூலால் எட்டுக் கழுத்துச்சால்வைகளைப் பின்னினார். ஒவ்வொன்றிலும் அவரது பெயர்க்குறியாகிய மூன்று எழுத்துக்கள் இழைக்கப்பட்டன. 1900-ஆம் ஆண்டில் அவை போர்முனைக்கு அனுப்பப்பெற்றன. நான்கு சால்வைகள் ஆங்கிலப் படையினர்க்கும், நான்கு குடியேற்ற நாடுகளின் படையினர்க்கும் உரியவாயின. பின்னைய நான்கும் கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் படைகளிற் சேவித்த வீரர் ஒவ்வொருவரை அடைந்தன.

கனடாப் படையிற் பெற்றவர் அயர்லாந்திற் பிறந்த ரிச்சர்டு தாம்ஸன் என்பார். அவர் படைத்தலைவர் அல்லர். காயமுற்றோர்க்கு உதவும் எளிய சிப்பாய். 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 18-ஆம் நாள் பார்டபெர்க் போர்க்களத்தில், கழுத்திற் குண்டு பாய்ந்த தோழன் ஒருவனது குருதி பெருகாவண்ணம் காயத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, பகைவர் குண்டுகளுக்கிடையே அவர் பல மணிநேரம் திறந்த வெளியிற் கிடந்தார். ஒன்பது நாட்களுக்குப்பின் மற்றொரு தோழனைக் காக்க மீண்டும் குண்டுமழையினுட் சென்றார். நியூஸிலாந்துப் படையிற் பெற்ற ஹென்றி கூட்ஸ் என்பாரும் காயமுற்ற தோழனை மீட்டவரே. கொன்றவரைவிடக் காத்தவரை அச்சால்வைகள் தேடிச் சென்றமை நம் கருத்தைக் கவர்கின்றது.

இச்சால்வை விக்டோரியாச் சிலுவைக்கு ஒப்பானது என்றும், அதனினும் உயர்ந்தது என்றும் பிற்காலத்தார் சிலர் கூறலாயினர். அது பொருந்தாது. சட்டத்தால் அதற்கு யாதொரு பதவியும் இல்லை. அது பதக்கமன்று, ஒரு முதியவள் கைப்படச் செய்தளித்த பரிசு. அதன் பெருமையும் அதுவே.

இனி, உண்மையின் மற்றைப் பாதியை மறைத்தல் நமக்குத் தகாது. 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் டில்லி தர்பாரில் விக்டோரியா இந்தியப் பேரரசியாகப் பறைசாற்றப்பட்டார். அதே காலத்தில் நம் சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை அப்பஞ்சம் பரவிய நாடுகளில் மாண்டோர் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர். பஞ்ச வேலை செய்தோர்க்கு அளந்த கூலித் தானியமும் செலவுச் சிக்கனத்தின்பொருட்டுக் குறைக்கப்பட்டது. போயர் போரிலும், ஆங்கிலேயர் அமைத்த அடைப்பு முகாம்களில் 26,000-க்கும் மேற்பட்ட போயர் மகளிரும் குழந்தைகளும் நோயாலும் பசியாலும் மாண்டனர். கறுப்பர்க்கென அமைந்த முகாம்களிலும் பல்லாயிரவர் இறந்தனர். அச்சாவுகளுட் பெரும்பாலானவை மகாராணியார் மறைந்தபின் நிகழ்ந்தவையேயாயினும், போர் அவர் ஆட்சிக்காலத்திலேயே தொடங்கியது. அவர்களுக்காக அரண்மனையில் எவரும் ஊசியெடுத்திலர்.

அங்ஙனமாயின் அவ்வெட்டுச் சால்வைகளும் வெறும் வேடமோ எனின், அன்று என்போம். மங்கிய கண்ணோடு ஊசியை நகர்த்திய கையின் அன்பு மெய்யானதே. ஆனால் அன்பு தன் கண் கண்டாரையும், தன்னவர் என்று எண்ணினாரையுமே எளிதிற் சென்றடைகின்றது. காணாத தொலைவிலுள்ளாரை அடையும் வழி அரசர்க்கு நீதி ஒன்றே. சால்வை ஒருவன் கழுத்தைக் காக்கும். நல்ல சட்டமும் நிறைந்த களஞ்சியமும் நாட்டைக் காக்கும். முன்னது உண்டாயினமையால் பின்னது வேண்டாவாய்விடாது. பின்னது குறைந்தமையால் முன்னது பொய்யாகிவிடாது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவார்க்கே இவ்வம்மையாரின் வாழ்வு முற்றும் விளங்கும்.

போரின் துயர் மகாராணியாரையும் தீண்டியது. அவருடைய பேரராகிய கிறிஸ்தியன் விக்டர் இளவரசர் 1900-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரிட்டோரியா நகரில் காய்ச்சலால் இறந்தார். அதன்பின் மூன்று மாதம் நிறைவதற்குள், 1901-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 22-ஆம் நாள், ஆஸ்பார்ன் மாளிகையில் மகாராணியாரும் உயிர்நீத்தார். அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் அரசாண்ட அவரது உடல், பிராக்மோர் என்னுமிடத்தில் கணவர் அருகே அடக்கம் செய்யப்பட்டது.

அவர் ஆண்ட சாம்ராஜ்யம் இன்றில்லை. அவர் பின்னிய சால்வைகளிற் சில ஆட்டவா, கான்பெரா முதலிய நகரங்களின் காட்சிசாலைகளில் இன்றும் பேணப்படுகின்றன. நாமும் நம்மவர்க்குக் கையால் ஆவன செய்வோமாக. செய்யும்போதே நம் கண்ணுக்கு அப்பால் குளிரில் நிற்பாரையும் எண்ணுவோமாக.